விரிப்பின் மேல் மாமா கிடையாது

பால்கனிக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையைக் கண்டதும் மகள் பெட்டியைக் கதவருகிலேயே வைத்துவிட்டாள். பெட்டி இன்னும் அங்கேயேதான் நின்றது. உள்ளே கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை. கொண்டுபோகட்டுமா என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை.

சட்டை என்றால் சாதாரணச் சட்டை இல்லை. பிழிந்தால் தோள் வலிக்கும் தடித்த பருத்தி. இடது மார்பில் நீல நூலில் ஒரு வட்டம். அவள் கணவர் நடத்தும் ஜூடோ பயிற்சிக்கூடத்தின் சின்னம் அது. அவரைக் கணவர் என்று இனியும் சொல்லலாமா என்பதை இரண்டு வக்கீல்கள் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் அங்க போறீங்களா?" என்றாள் மகள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை."

"நான் அந்த வீட்டை விட்டு வந்த பிறகுமா?"

அப்பா தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆறிடும் பாப்பா, குடி."

பாப்பாவுக்கு முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்தது. வேறொரு ஊரில், ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை. அங்கேயே ஒரு சின்ன வீடு பிடித்துத் தனியாக இருந்தாள். அப்பாவைக் கையோடு அழைத்துப் போகத்தான் இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தச் சட்டை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'. லிஃப்ட் முனகினால் கதவைத் தட்டுவார்கள். அது முனகாத நாளில் தட்டுவதற்கு யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

மனைவி போனபின் அவர் தூக்கம் கெட்டுக் கிடந்தபோது அழைத்துப் போனது மாப்பிள்ளைதான். "சும்மா வந்து உட்காருங்க மாமா. கொஞ்சம் வேர்த்தா தூக்கம் தானா வரும்." சும்மா உட்காரப் போனவர் மறுவாரமே சட்டை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வாசலில் நிறுத்தி மாப்பிள்ளை சொன்னார்:

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள பயிற்சி விரிப்பு மேல மாமா கிடையாது, மாப்பிள்ளை கிடையாது. என்னை 'சென்சே'ன்னு கூப்பிடணும், ஆசிரியர்னு அர்த்தம். வரிசையில நீங்க கடைசியிலதான் உட்காரணும்."

"அதுசரி, மாப்பிள்ளை முறுக்கைச் சட்டையாவே தைச்சுப் போட்டுக்கிட்டீங்க" என்று இவர் சிரித்தார். அவரும் சிரித்தார். வேடிக்கை என்னவென்றால், உள்ளே போய் மண்டியிட்டு உட்கார்ந்ததும் அந்தக் கடைசி இடம் இவருக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு, போன மழைக்காலத்தில், மகள் ஒரு பெட்டியுடன் கிளம்பிப் போனாள். அடுத்த சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று இவர் காலையிலிருந்து குட்டி போட்ட பூனையாக வளைய வந்தார். கடைசியில் போனார். மாப்பிள்ளை எப்போதும் போலக் குனிந்து வணங்கினார். இவரும் வணங்கினார். மகளைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. விரிப்பின் மேல் மாமா கிடையாது என்ற சட்டம் அன்றைக்கு இருவருக்குமே குடை பிடித்தது. அந்தக் குடைக்குள்ளேயே இத்தனை மாதமும் ஓடிவிட்டது.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" மகள் கேட்டாள்.

அவர் யோசித்தார். இதை எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுக்க லிஃப்டோடு இருந்தவர். லிஃப்டுக்குள் மனிதர்கள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எல்லாக் கண்ணும் கதவுக்கு மேலே ஓடும் எண்களில் இருக்கும். ஓய்வு பெற்றபின் ஊரே அவருக்கு ஒரு லிஃப்டாகத்தான் தெரிந்தது.

"அங்க ஒருத்தர் எதிர்ல வந்து உட்காருவார். கண்ணைப் பார்ப்பார். குனிஞ்சு, 'தயவுசெஞ்சு எனக்குக் கத்துக்குடுங்க'ன்னு சொல்வார். எனக்கு! நானும் அதையே சொல்வேன். அப்புறம்தான் சட்டையில கை வைப்போம். முடிஞ்சதும் நன்றின்னு சொல்லி மறுபடி குனிவோம். வாரத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் பாப்பா எனக்கு யாராவது முகம் குடுத்துப் பேசறது."

மகளுக்கு ஏதோ சொல்ல வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் குனியறவர் அவர். வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது அதையும் சேர்த்துக் கழட்டி வச்சிடுவார். உள்ள வரும்போது வெறும் ஆள்தான் வருவார்."

அப்பா தேநீரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்கூட வந்துடுங்கப்பா. அந்த இடம் வேண்டாம் உங்களுக்கு."

"சரி."

அவ்வளவு சீக்கிரம் 'சரி' வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா சொல்லாம கொள்ளாம நிக்கக் கூடாதும்மா. நேர்ல போய் விடை வாங்கிக்கணும். அதுதான் முறை. இன்னிக்குச் சனிக்கிழமைதானே?"

"நானும் வர்றேன்" என்றாள் மகள்.

* * *

பயிற்சிக்கூடம் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. படியேறும்போதே கீழே இயந்திரம் ஓடும் அதிர்வு காலில் ஏறும். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக, மூக்கு வெளியே பார்த்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் இருந்தன. மகள் தன் காலணியைக் கழற்றி, யோசிக்காமலே திருப்பி வைத்தாள். எத்தனையோ வருடம் இந்த வாசலில் பிறர் அலங்கோலமாக விட்ட செருப்புகளைத் திருப்பி வைத்த கை அது.

அப்பா நுழைவில் நின்று குனிந்துவிட்டு உள்ளே போனார். அவள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பேக்கரிக்காரர்தான் முதலில் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், பழுப்பு பெல்ட், பூனைக் குரல். அப்பாவுக்கு வழக்கமான ஜோடி. அன்று அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டு கட்டுடன் வந்திருந்தார்.

"லிஃப்ட்காரரே, நம்ம மேடம் வந்திருக்காங்க!" என்று அவர் கிசுகிசுத்தது அச்சகம் வரை கேட்டிருக்கும்.

"வரிசை" என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

மாப்பிள்ளை மகளைப் பார்த்துவிட்டார். பார்த்ததை முகம் காட்டவில்லை. பெல்ட்டின் முடிச்சைத் தொட்டது மட்டும்தான், அதுவும் ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த முடிச்சு. எல்லாரும் மண்டியிட்டார்கள். கறுப்பு பெல்ட் வலக்கோடியில், வெள்ளை பெல்ட் இடக்கோடியில். இடக்கோடிக்கும் கோடியில், உப்புக்குச் சப்பாணியாக, அப்பா. குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். அந்தக் கணத்தில் மட்டும் அறை அப்படி ஒரு அமைதியில் இருக்கும். அந்த அமைதிக்காகவே அப்பா வாரம் முழுக்கக் காத்திருப்பார். இன்று அதில் உட்கார முடியவில்லை. முதுகில் மகளின் கண் இருந்தது.

வகுப்பு முடிந்து கடைசி வணக்கம் ஆனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜோடி சேரும் நேரம் வந்தது. பேக்கரிக்காரர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டதால் அப்பா தனியாக நின்றார். மாப்பிள்ளை கூடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே இவர் எதிரில் வந்து மண்டியிட்டார்.

இருவரும் குனிந்தார்கள். "தயவுசெய்து கற்றுக்கொடுங்கள்" என்ற ஜப்பானியச் சொல்லை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மாமனாருக்கு அது நாக்கில் பாதிதான் புரளும். மாப்பிள்ளை அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

இடுப்பு வீச்சு. எதிராளியை இடுப்பில் ஏற்றிச் சுழற்றி இறக்குவது. வீசுகிறவர் பெரிய ஆள் இல்லை என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விழுகிறவர் தன் உடம்பை நம்பிக் கொடுக்கிறார். அதனால் வீசுகிறவர் அவருடைய சட்டைக் கையைக் கடைசிவரை விடக் கூடாது. இழுத்துப் பிடித்து, தலை தரையில் படாமல் இறக்க வேண்டும். வீசத் தெரிந்து பிடிக்கத் தெரியாதவன் இங்கே வரவே வேண்டாம் என்பார் மாப்பிள்ளை.

முதல் தடவை கிழவரைப் பூ மாதிரி இறக்கினார். இரண்டாம் தடவையும்.

அடுத்த தடவை தூக்கும்போது பெஞ்சில் மகள் எழுந்தாள். பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. தன் அப்பாவை அந்த மனிதர் அவ்வளவு பத்திரமாக இறக்குவதை எதற்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும்? கதவுப் பக்கம் போனாள். ஒரு காலணியில் கால் நுழைத்தாள்.

மாப்பிள்ளையின் கண் அந்தப் பக்கம் போயிற்று. கை நழுவியது.

அப்பா விழுந்தார். முதுகு மொத்தமும் ஒரே அறையாக விரிப்பில் விழுந்த சத்தம். நெஞ்சிலிருந்த மூச்சு எங்கோ போய்விட்டது. மேலே குழல் விளக்குகள் தெரிந்தன. திரும்ப இழுக்கலாம் என்றால் மூச்சு வர மறுத்தது.

"அப்பா!"

ஒரு காலில் காலணியும் ஒரு கால் வெறுமையுமாக அவள் விரிப்பின் மேல் ஓடி வந்தாள். அந்த விரிப்பில் காலணி பட்டு யாரும் பார்த்ததில்லை.

அவள் விலாவைத் தடவினாள். குரல் சட்டென்று வேலைக்குரலாக மாறியது. நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லும் குரல்.

"மெதுவா மூச்சை இழுங்க. இழுங்க... நிறுத்துங்க. இப்ப விடுங்க. இங்க வலிக்குதா? இங்க?"

மூச்சு வந்தது. "ஒண்ணுமில்ல பாப்பா" என்றார். குரல் பேக்கரிக்காரர் குரல் போல வந்தது.

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை மண்டியிட்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் விரிப்பில். நெற்றி விரிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. கவனம் போயிடுச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

மாமா. அந்தக் கூடத்தில் அந்த வார்த்தை அன்றுதான் முதல் தடவை விழுந்தது.

அப்பா விரிப்பில் கையூன்றினார். எழுந்து உட்கார்ந்தார். முறைப்படி திரும்பிக்கொண்டு, கலைந்த சட்டையை இழுத்துவிட்டு, மறுபடி முன்னால் திரும்பித் தானும் குனிந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாள், எப்பேர்ப்பட்ட மனிதர் என்று அவளே பார்க்கட்டும் என்று நினைத்தார்.

நிமிர்ந்தபோது மகளின் முகம் தெரிந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த கணவரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு முகவரிக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்திருப்பவள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

மாப்பிள்ளை தலை தூக்கினார். "எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணுமா?" என்று கேட்டார். அவளிடம்தான்.

"தேவையில்ல."

அவ்வளவுதான் இருவரும் பேசியது. அவள் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விரிப்பை விட்டு இறங்கினாள்.

விடை வாங்கிக்கொள்ள வந்தவர் வாங்காமலே கிளம்பினார். அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது?

* * *

திரும்பும் வழியில் மகள் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அப்பா பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். வெயில் என்றார். பேக்கரிக்காரர் ரொட்டியைத் தூக்குவது போலத்தான் ஆளையும் தூக்குவார் என்றார். ஒன்றும் எடுபடவில்லை.

குடியிருப்பின் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. இருவரும் எண்களைப் பார்த்தார்கள்.

"உங்ககிட்ட மன்னிப்பு கேட்டார்" என்றாள் மகள்.

"ஆமா. அத்தனை பேர் முன்னாடி. பெரிய மனசு வேணும் அதுக்கு."

"நானும் பக்கத்துலதான்பா உட்கார்ந்திருந்தேன்."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. அவர் காலெடுத்து வைக்க மறந்து நின்றார். கதவு மறுபடி மூடப் பார்த்தபோது அவள்தான் கை வைத்துத் தடுத்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் உட்காரவில்லை. சமையலறை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்த முதுகு இப்போதுதான் விண்ணென்று தெறித்தது.

"என்ன நடந்துச்சு பாப்பா? உங்க ரெண்டு பேருக்குள்ள?"

அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்தாள்.

"அடிச்சாரா, திட்டினாரான்னு கேட்டீங்கன்னா ஒண்ணும் இல்ல. சத்தமா ஒரு வார்த்தை பேசினதில்ல. நல்லவர்னுதான் எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்வேன்." டம்ளரை நகர்த்தினாள். "அம்மா போன பிறகு எனக்கு ராத்திரியில அழுகை வரும். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பார். தூங்கறார்னு நினைச்சுப்பேன். அப்புறம் ஒரு நாள் தோணுச்சு, நான் பேசாம இருந்து பார்த்தா என்னன்னு. நான் பேசலைங்கிறது இவருக்கு எப்ப தெரியும்னு பார்க்கலாம்னு. சாப்பாடு வைப்பேன். சாப்பிடுவார். தட்டைக் கழுவி வச்சிட்டு வகுப்புக்குக் கிளம்பிடுவார்."

"எப்ப தெரிஞ்சுது அவருக்கு?"

"தெரியல. அதுக்குள்ள நான் கிளம்பி வந்துட்டேன்."

அப்பா மேசை விளிம்பை விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்கலையே."

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். துருவித் துருவிக் கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

மகள் சிரித்தாள். சிரிப்பில் சிரிப்பு இல்லை. "அவரைக் கேட்டீங்கன்னா அவரும் இதைத்தான்பா சொல்வார்."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. கைப்பிடியை அழுத்தி, ஓசையில்லாமல் சாத்தினாள். அறைந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

வீடு வழக்கம்போல ஆயிற்று. பக்கத்து வீட்டுக் குழாய் ஓடியது. சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஏறி, நின்று, இறங்கியது. மகள் ஒரு கதவுக்கு அப்பால் இருக்கும்போதே இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் அவளுக்கு இது தினமும் இருந்திருக்கும்.

கைப்பேசியை எடுத்தார். மகள் கிளம்பிப் போனதிலிருந்து மாப்பிள்ளையின் எண்ணை அவர் அழைத்ததில்லை. பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அவர். "மாமா? வலி இருக்கா? டாக்டர்கிட்ட போகலாமா? நான் வரட்டுமா?"

"வாங்க மாப்பிள்ளை. ஆனா என் முதுகுக்காக வர வேண்டாம்."

அந்தப் பக்கம் அச்சக இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கூடத்திலேயே இருக்கிறார்.

"அவ கூப்பிடச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான் கூப்பிடறேன்."

"அவ கூப்பிடாம நான் வந்து நிக்கிறது மரியாதையா இருக்காது மாமா."

அப்பாவுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. மாப்பிள்ளையிடம் இதுவரை அவர் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயரவில்லை, நடுங்கியது.

"மரியாதைக்கு என்ன மாப்பிள்ளை குறைச்சல்? நம்ம ரெண்டு பேர்கிட்டயும் அது வேணுங்கிற அளவு இருக்கு. மூட்டை கட்டி வைக்கலாம். நான் ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவ உங்ககூடப் பேசறதை நிறுத்தினாளே, அது உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"தெரிஞ்சுது மாமா" என்றார் மாப்பிள்ளை. "முதல் நாளே தெரிஞ்சுது."

"அப்ப ஏன்யா..."

"என்ன கேட்கறதுன்னு தெரியல. எப்படிக் கேட்கறதுன்னு தெரியல. கூடத்துல எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு மாமா. எப்ப குனியணும், என்ன சொல்லணும்னு எனக்கு முன்னாடியே யாரோ எழுதி வச்சிருக்காங்க. வீட்டுல அழற பொண்டாட்டிக்கு முன்னாடி என்ன செய்யணும்னு எனக்கு யாரும்..." அவரால் முடிக்க முடியவில்லை.

பின்னால் தரையில் காலடி கேட்டது. அப்பா திரும்பினார். மகள் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. எப்போது வந்தாள், எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"அவரா?"

அப்பா தலையாட்டினார்.

"என்ன சொல்றார்?"

சொல்ல வாய் வரை வந்தது. அவருக்குத் தெரியும்மா, முதல் நாளே தெரியுமாம். அது அவளுக்கு ஆறுதலா, இல்லை இருக்கிற புண்ணில் இன்னொரு குத்தா? தெரியாமல் இருந்தவனை மன்னிக்கலாம். தெரிந்தும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியவனை?

இதுவரை எல்லாவற்றையும் மென்று விழுங்கிய மனிதர் இதையும் விழுங்கியிருப்பார். ஆனால் அது அவர் விழுங்கவோ சொல்லவோ வேண்டிய வார்த்தை இல்லை, மாப்பிள்ளையே சொல்ல வேண்டியது என்று பட்டது.

"எங்கிட்ட சொன்னதை அவகிட்டயே சொல்லுங்க மாப்பிள்ளை" என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு, அதை மகளிடம் நீட்டினார்.

அவள் உடனே வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாங்கினாள். காதில் வைத்துக்கொண்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

அப்பா அங்கே நிற்கக் கூடாது என்று நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வெளிக்கதவைத் தாண்டி மாடித் தாழ்வாரத்துக்கு வந்து, கதவை மெல்ல ஒட்டவைத்தார். இரண்டு வரிசை மூடிய கதவுகளுக்கு நடுவே தனியாக நின்றார்.

ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் காது போயிற்று. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அழுகை இல்லை, பேச்சு இல்லை. மாப்பிள்ளை பேச, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா? இல்லை, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றவர் முதலில் பேசட்டும் என்று நிற்கிறார்களா?

கதவின் மரத்தில் உள்ளங்கையை வைத்தபடி அப்பா காத்திருந்தார்.